கைநாட்டு, கையெழுத்து, அதுக்கு அப்புறம்?



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு செயலாளர் அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். எனக்கு என்ன எழுத வரும்னு தயங்கினேன். "வாராவாரம் தீர்மானப் புத்தகம் எழுதுற, மலர்ல எழுத மாட்டியா?"ன்னு கேட்டுட்டாங்க. சரின்னு ஒத்துக்கிட்டேன்.

என்ன எழுதலாம்னு யோசிச்சுக்கிட்டே எங்க குழுவோட தகரப் பெட்டியைத் திறந்தேன். தீர்மானப் புத்தகம், பேரேடு, பேங்க் பாஸ்புக் எல்லாத்துக்கும் மேலே ஒரு மை டப்பா இருந்தது. நீல மை. குழு ஆரம்பிச்ச புதுசுல எங்க பன்னிரண்டு பேர்ல ஏழு பேருக்கு அது தேவைப்பட்டது. இன்னிக்கு ரெண்டு பேருக்குத்தான் தேவை. இதை நினைச்சு நான் ரொம்ப நாள் பெருமைப்பட்டிருக்கேன். ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு நடந்த ஒரு விஷயத்துக்கு அப்புறம் அந்தப் பெருமை குறைஞ்சுபோச்சு. அதைப் பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி, நம்மளைப் போலவே கூட்டம் கூடி உட்கார்ந்தவங்க, வயசு வந்தவங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வரலாற்றைப் பார்க்கலாம். இதுல பாதி என் மகளோட பாடப் புத்தகத்துலயும், நூலகத்துலயும், நெய்வேலி புத்தகக் கண்காட்சியில வாங்கின புத்தகங்கள்லயும் படிச்சது. மீதி நான் கண்ணால பார்த்தது.

வடலூரில் ஆரம்பிச்ச சங்கம்

சங்கம் வச்சு சேவை செய்யறது ஏதோ வெளியூர்ல இருந்து வந்த பழக்கம்னு நாம நினைக்கிறோம். நம்ம குறிஞ்சிப்பாடி வட்டத்துக்குள்ளயே அதுக்கு 150 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு.

மருதூர்ல 1823-ல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், வடலூர் பக்கத்துக் கருங்குழியில தங்கியிருந்தப்போ, 1865-ல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை ஆரம்பிச்சார். 1867 மே 23-ம் தேதி வடலூர்ல சத்திய தருமச்சாலை திறந்தார். அதுக்கு வடலூர் மக்கள் 80 காணி நிலம் கொடுத்தாங்க. அன்னிக்குப் பத்த வச்ச அடுப்பு இன்னிக்கும் அணையாம எரியுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். நம்மள்ல பல பேர் அங்க போய் காய் நறுக்கிக் கொடுத்திருக்கோம், பந்தியில பரிமாறியிருக்கோம்.

அந்த அடுப்பு தெரிஞ்ச அளவுக்கு, அதே காலத்துல அவர் வச்ச பள்ளிக்கூடம் நமக்குத் தெரியலை. சின்னப் பிள்ளைகள்ல இருந்து வயசானவங்க வரைக்கும் யார் வேணும்னாலும் வந்து படிக்கலாம்னு அவர் ஒரு பாடசாலை ஆரம்பிச்சார். தமிழ், சமஸ்கிருதம், இங்கிலீஷ் மூணும் அங்கே உண்டு. பொது மக்களுக்குத் திருக்குறள் வகுப்பும் நடத்த வச்சார். முதியோர் கல்விக்கு முதல்ல வழி காட்டினவர் வள்ளலார்தான்னு நம்ம பக்கத்துப் பெரியவங்க சொல்றதுக்கு இதுதான் காரணம். பசியைப் போக்க அடுப்பு வச்ச மனுசன், அதே மூச்சுல வயசானவங்களுக்கும் பாடம்னு யோசிச்சிருக்கார் பாருங்க.

நாலு பேர் கூடின கதை

இப்போ கொஞ்சம் தூரம் போகலாம். நெய்வேலியிலயும் நம்ம பக்கத்து ஊர்கள்லயும் ரோட்டரி சங்கம், லயன்ஸ் சங்கம்னு போர்டு பார்த்திருப்பீங்க. ரத்த தான முகாம், கண் முகாம், பள்ளிக்கூடத்துக்கு நோட்டுப் புத்தகம்னு அவங்க செய்யறதையும் பார்த்திருப்பீங்க. இந்தச் சங்கங்கள் ஆரம்பிச்ச கதை நம்ம குழுக்கதை மாதிரியே இருக்கு.

அமெரிக்காவுல சிகாகோன்னு ஒரு பெரிய ஊர். 1905 பிப்ரவரி 23-ம் தேதி அங்கே நாலு பேர் கூடினாங்க. பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல்தான் கூப்பிட்டவர். மத்த மூணு பேர்ல ஒருத்தர் நிலக்கரி வியாபாரி, ஒருத்தர் சுரங்க இன்ஜினியர், ஒருத்தர் தையல்காரர். நெய்வேலிப் பக்கத்துல இருக்கிற நமக்கு இந்தத் தொழில் எல்லாமே தெரிஞ்சதுதான். பெரிய ஊருக்குப் பிழைக்க வந்த இடத்துல மனசு விட்டுப் பேச ஆள் வேணும்னுதான் முதல்ல கூடினாங்க. ஒரு வாரம் ஒருத்தர் ஆபீஸ், அடுத்த வாரம் இன்னொருத்தர் ஆபீஸ்னு சுத்திச் சுத்திக் கூடினதால ரோட்டரின்னு பேர் வந்தது. நாமளும் ஒரு வாரம் உங்க வீட்டுத் திண்ணை, அடுத்த வாரம் எங்க வீட்டுத் திண்ணைன்னு தானே கூடுறோம்!

பேசிப் பேசி, ஊருக்கு ஏதாவது செய்யலாம்னு முடிவு பண்ணி, அவங்க முதல்ல கையில எடுத்த பொதுக் காரியம் எது தெரியுமா? பொதுக் கழிப்பறை கட்டறது. நம்ம குழுக்கள் ஊராட்சியில முதல்ல கேட்டதும் அதுதான். இந்தியாவுக்கு ரோட்டரி 1920 வாக்கில் கல்கத்தா வழியா வந்தது. இன்னிக்கு ரோட்டரிக்காரங்க நம்ம நாட்டுல எழுத்தறிவுக்குன்னே தனியா வேலை செய்யறாங்க. அதுல முதியோர் எழுத்தறிவும் ஒரு பகுதி.

லயன்ஸ் சங்கம் 1917-ல் அதே சிகாகோவுல ஆரம்பிச்சது. 1925-ல் அவங்க மாநாட்டுக்கு, கண்ணும் தெரியாத காதும் கேட்காத ஹெலன் கெல்லர் அம்மையார் வந்து, பார்வை இல்லாதவங்களுக்காகப் பாடுபடணும்னு கேட்டுக்கிட்டாங்க. அதுல இருந்துதான் லயன்ஸ்னா கண் முகாம்னு ஆச்சு. கண்ணுக்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. எங்க அம்மா கதையில அது வரும்.

ஒரு குறையையும் சொல்லணும். இந்த ரெண்டு சங்கத்துலயும் ரொம்ப காலம் பெண்கள் உறுப்பினராக முடியாது. லயன்ஸ் 1987-லும், ரோட்டரி 1989-லும்தான் பெண்களைச் சேர்த்துக்கிட்டாங்க. பெண்கள் அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கலை. தனியா சங்கம் வச்சுக்கிட்டாங்க.

அடையாற்றில் கூடிய பெண்கள்

அப்படி ஒரு சங்கம் நம்ம சென்னையிலேயே ஆரம்பிச்சது. 1917 மே 8-ம் தேதி அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கினாங்க. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் மூணு பேரும் அதுல முக்கியமானவங்க. அன்னி பெசன்ட் அம்மையார்தான் முதல் தலைவர். இவங்க வெளிநாட்டுல பிறந்தவங்க. ஆனா சங்கத்துக்கு வந்து உட்கார்ந்தவங்க நம்ம ஊர்ப் பெண்கள். ஊர் ஊரா கிளை வச்சாங்க. கிளையில கூடின இடத்திலேயே வயசு வந்த பெண்களுக்கு எழுதப் படிக்கவும், தையலும், முதலுதவியும் சொல்லிக் கொடுத்தாங்க. 'ஸ்திரீ தர்மா'ன்னு ஒரு பத்திரிகையும் நடத்தினாங்க.

எழுத்து படிக்க உட்கார்ந்த பெண்கள் அதோட நிக்கலை. சங்கம் ஆரம்பிச்ச அதே 1917 டிசம்பர்ல, சரோஜினி நாயுடு தலைமையில ஒரு குழு போய், பெண்களுக்கும் ஓட்டு வேணும்னு சென்னைக்கு வந்த இங்கிலாந்து மந்திரி மாண்டேகுகிட்ட கேட்டாங்க. 1921-ல் சென்னை மாகாணத்துல பெண்களுக்கு ஓட்டு கிடைச்சது. சொத்து இருந்தவங்களுக்குத்தான் கிடைச்சது, நம்ம பாட்டிமார்களுக்கு அப்போ இல்லை. ஆனாலும் கதவு திறந்துச்சு. அந்தச் சங்கத்துல உழைச்ச டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சட்டசபையோட துணைத் தலைவராவே ஆனாங்க. அவங்க பிறந்த ஊர் புதுக்கோட்டை. அந்த ஊர் பேரை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

அறிவொளி வந்தது

சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கமும் முதியோர் கல்வியைக் கையில எடுத்தது. 1978 அக்டோபர் 2-ம் தேதி தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் ஆரம்பிச்சாங்க. 1988 மே 5-ம் தேதி தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 15 வயசுல இருந்து 35 வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவங்களைத் தேடிப்போய்ச் சொல்லிக் கொடுக்கணும்னு முடிவு பண்ணினாங்க.

அதுல பெரிய மாற்றம் என்னன்னா, சம்பளத்துக்கு வாத்தியார் போடாம, ஊர்ல இருக்கிற படிச்ச பிள்ளைகளையே தொண்டர்களா சேர்த்தாங்க. கேரளாவுல எர்ணாகுளம் மாவட்டம் இப்படித்தான் வேலை செஞ்சு, 1990 பிப்ரவரியில நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமா ஆச்சு. அடுத்த வருஷம் ஏப்ரல் 18-ம் தேதி, கேரளா முழுசும் எழுத்தறிவு பெற்ற மாநிலம்னு கோழிக்கோட்டுல பெரிய கூட்டம் போட்டு அறிவிச்சாங்க. மேடையில அதை அறிவிச்சது முதலமைச்சர் இல்லை. மலப்புறம் மாவட்டத்துல இருந்து வந்த, அந்த இயக்கத்துல படிச்ச ஆயிஷா என்கிற அம்மா. அதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.

தமிழ்நாட்டுல இதுக்கு அறிவொளி இயக்கம்னு பேர். நான் முன்னாடி சொன்ன புதுக்கோட்டையில, 1991-92-ல் ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டரா இருந்தப்போ இது பெரிய அலையாவே ஆச்சு. படிக்க வந்தவங்கள்ல பெரும்பாலோர் பெண்கள். கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, வயல்ல நாத்து நடுறவங்க. அங்கே எழுத்தோட சேர்த்து சைக்கிளும் சொல்லிக் கொடுத்தாங்க. வகுப்பு எடுக்கப் போகவும், தண்ணி கொண்டு வரவும், சந்தைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்னுதான். லேடீஸ் சைக்கிள் கடையில கிடைக்காம, ஆம்பளைங்க ஓட்டுற பார் வச்ச சைக்கிளையே வாங்கி ஓட்டினாங்கன்னு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். கல் குவாரிகளைப் பெண்கள் குழுவா சேர்ந்து குத்தகைக்கு எடுத்தும் நடத்தினாங்க.

எங்க தெரு விளக்கு வெளிச்சம்

எனக்கு அறிவொளி ஞாபகம் ஏழெட்டு வயசுல. வடலூர் பக்கத்துல எங்க அம்மா வீடு. அப்பா தறி நெய்வார். ராத்திரி எட்டு மணிக்கு மேல, சோறாக்கி, பாத்திரம் கழுவி, மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு, பெண்கள் எல்லாம் மாரியம்மன் கோயில் திடலுக்கு வருவாங்க. தெரு விளக்கு சில நாள் எரியும், சில நாள் எரியாது. எரியாத நாள்ல ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. பன்னிரண்டாவது முடிச்சிருந்த எங்க தெரு அண்ணன் ஒருத்தர்தான் தொண்டர். சம்பளம் கிடையாது. சிலேட்டும் பல்பமும் டவுன்ல இருந்த ஒரு சேவைச் சங்கத்துக்காரங்க வாங்கிக் கொடுத்தாங்கன்னு அம்மா சொல்வாங்க.

அந்தப் பாடப் புத்தகம் 'அ, ஆ'ன்னு ஆரம்பிக்காது. தினமும் வாயில புழங்குற சொல்லை எடுத்து, அதுல இருக்கிற எழுத்தைப் பிரிச்சுக் காட்டும். மூணு புத்தகம், ஒண்ணு முடிச்சா அடுத்தது. எங்க அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவங்க. எட்டு மாசத்துல பஸ் போர்டு படிச்சாங்க. வடலூர் பஸ் நிலையத்துல நின்னுக்கிட்டு "கு-றி-ஞ்-சி-ப்-பா-டி"ன்னு எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு என்னைப் பார்த்து சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதே சமயத்துலதான் நம்ம பக்கத்துல குழுக்களும் வந்தது. 1989 செப்டம்பர்ல தர்மபுரியில, ரோம் நகரத்துல இருக்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில முதல் மகளிர் குழுக்கள் ஆரம்பிச்சாங்க. 1991-92-ல் அது சேலத்துக்கும் நம்ம தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. அப்போ கடலூரும் விழுப்புரமும் ஒரே மாவட்டம். 1993-ல்தான் பிரிச்சாங்க. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை பேங்கோட இணைக்கிற வேலையை 500 குழுவோட சோதனையா ஆரம்பிச்சது. 1997-98-ல் மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்க வந்தது. ஆக, தமிழ்நாட்டுல குழு முதல்ல வந்த மாவட்டங்கள்ல நம்ம மாவட்டமும் ஒண்ணு. இது நம்ம எல்லாருக்கும் பெருமை.

1991 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல நூத்துக்கு 51 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். 2011-ல் அது 73 ஆச்சு. அதுல பள்ளிக்கூடத்துக்கு, சத்துணவுக்கு, அறிவொளிக்கு, குழுவுக்கு எல்லாத்துக்கும் பங்கு இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தக் கணக்கெடுப்புல, புரிஞ்சு படிக்கவும் எழுதவும் தெரிஞ்சவங்களைத்தான் எழுத்தறிவு உள்ளவங்கன்னு சேர்ப்பாங்க. பேரை மட்டும் எழுதத் தெரிஞ்சவங்க அதுல வர மாட்டாங்க.

அம்மா போட்ட கையெழுத்து

இப்போ அம்மா கதைக்கு வர்றேன்.

அறிவொளி வகுப்பு ரெண்டு வருஷத்துல நின்னுபோச்சு. அந்த அண்ணன் வேலைக்குப் போயிட்டார். அம்மா கையில படிக்க எதுவும் வந்து சேரலை. வீட்டுல பத்திரிகை வாங்குற வசதி இல்லை. அம்மா குழுவுல சேர்ந்தாங்க. அங்கே அவங்களுக்குத் தேவைப்பட்ட ஒரே எழுத்து, சொந்தப் பேர். வாராவாரம் அதை மட்டும் எழுதினாங்க. இருபது வருஷத்துக்கு மேல அந்த நாலு எழுத்து மட்டும் கையில நின்னுச்சு. மத்ததெல்லாம் கரைஞ்சுபோச்சு. எங்க யாருக்கும் அது தெரியலை. அவங்களும் சொல்லலை.

ரெண்டு வருஷம் முன்னாடி தைப்பூசத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு தனியார் கடன் கம்பெனி பேப்பரைக் கொண்டு வந்து, "சும்மா சாட்சிக் கையெழுத்துதான் பெரியம்மா, போட்டுக் குடுங்க"ன்னாங்க. நாலு பக்கப் பேப்பர். அம்மா அதைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போட்டுக் குடும்மா, ஜோதி பார்க்க நேரமாச்சு"ன்னு சொன்னேன். அம்மா அழகா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க.

எட்டு மாசம் கழிச்சு அந்த அக்கா குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்க. வசூல்காரங்க அம்மா வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அந்தப் பேப்பரோட மூணாவது பக்கத்துல 'ஜாமீன்தாரர்'னு தமிழ்லயே அச்சடிச்சிருந்தது. அதுக்குக் கீழேதான் அம்மாவோட கையெழுத்து. மாசம் 2,150 ரூபாய், ஒன்பது மாசம் அம்மா கட்டினாங்க. பால் காசும், முந்திரிக்கொட்டை உடைச்ச கூலியும் அதுக்கே போச்சு.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கைநாட்டு வைக்கிறவங்ககிட்ட பேப்பர் நீட்டுறவங்க, படிச்சுக் காட்டினேன்னு இன்னொருத்தர் கையெழுத்தையும் வாங்குவாங்க. பேங்குலயும் அப்படித்தான். கையெழுத்துப் போடத் தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவங்க படிச்சுப் புரிஞ்சுதான் போட்டாங்கன்னு எடுத்துக்குவாங்க. மை டப்பாவை ஓரம் கட்டிட்டோம்னு நாம பெருமைப்படுறோமே, படிக்கச் சொல்லிக் கொடுக்காம கையெழுத்து மட்டும் சொல்லிக் கொடுத்து நம்ம அம்மாக்களை இன்னும் ஆபத்துல விட்டுட்டோமோன்னு எனக்குப் பட்டது.

தப்பு அந்த அக்கா மேல மட்டும் இல்லை. பத்தாவது படிச்ச நான் பக்கத்துலயே நின்னேன். படிக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஒரு கண்ணாடி செஞ்ச வேலை

அம்மாவுக்குத் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம்னு உட்கார்ந்தேன். ரெண்டு நாள்ல வெறுத்துப்போச்சு. "எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, என்னை விடு"ன்னாங்க. அவங்களுக்கு மறதின்னு நினைச்சு எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் பக்கத்து ஊர்ல லயன்ஸ் சங்கத்துக்காரங்க நடத்தின கண் முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு வெள்ளெழுத்து. கிட்டத்துல இருக்கிற எழுத்து எதுவுமே தெரியலை. கண்ணாடி போட்ட அன்னிக்கு ராத்திரி, அம்மா தீப்பெட்டி மேல இருந்த பேரைப் படிச்சாங்க. மறந்துபோச்சுன்னு நினைச்சதுல பாதி மறக்கலை, தெரியலை, அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்க குழுவுல நாப்பது வயசு தாண்டின யாராவது "எனக்குப் படிப்பு வராது"ன்னு சொன்னா, முதல்ல கண்ணைக் காட்டச் சொல்லுங்க.

இப்போ எங்க குழுவுல செய்யறது

இதுக்கு அப்புறம் எங்க குழுக் கூட்டத்துல நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். வெட்கமாத்தான் இருந்தது. ஊக்குநர் அக்கா அன்னிக்கே தீர்மானம் போடச் சொன்னாங்க. இப்போ வாராவாரம் சேமிப்பு வாங்குறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் படிப்பு. பெருசா ஒண்ணும் இல்லை.

போன வாரத் தீர்மானத்தை நான் படிக்கிறதுக்குப் பதிலா, வேற ஒருத்தர் படிக்கணும். மெதுவா படிச்சாலும் காத்திருப்போம். யாரும் சிரிக்கக் கூடாது.

அவங்கவங்க பாஸ்புக்கை அவங்கவங்களே பார்த்து, இருப்பு எவ்வளவுன்னு சொல்லணும். எழுத்தை விட எண் சீக்கிரம் வருது. எங்க குழுவுல ஒரு ஆயா இருக்காங்க, இன்னும் கைநாட்டுதான். ஆனா பத்தாயிரம் ரூபாய்க்கு ரெண்டு வட்டின்னா அஞ்சு மாசத்துக்கு எவ்வளவுன்னு நான் செல்போனை எடுக்கிறதுக்குள்ள சொல்லிடுவாங்க. கணக்கு அவங்க மனசுலயே இருக்கு. அதைத் தாள்ல அடையாளம் காட்டினா போதும்.

பாடப் புத்தகம் இல்லைன்னு நாங்க நிக்கலை. ரேஷன் கார்டு, கரண்ட் பில், மாத்திரை அட்டை, நூறு நாள் வேலை அட்டை, கல்யாணப் பத்திரிகை இதுதான் எங்க பாடம். அறிவொளியில சொன்ன வழிதான் இது. புழங்குற சொல்லுல இருந்து ஆரம்பிக்கணும்.

கடைசியா ஒண்ணு. எந்தப் பேப்பரா இருந்தாலும் குழுவுல ஒருத்தர் சத்தமாப் படிச்சுக் காட்டாம, எங்க உறுப்பினர் யாரும் கையெழுத்துப் போடுறது இல்லை. நேரமாச்சு, ஆபீசர் காத்திருக்கார், அவசரம்னு யார் சொன்னாலும் சரி.

அரசாங்கத்துலயும் வழி இருக்கு. 2020-21-ல் 'கற்போம் எழுதுவோம்' இயக்கம் நடத்தினாங்க. 2022-ல் இருந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்திருக்கு. 15 வயசுக்கு மேல எந்த வயசா இருந்தாலும் சேரலாம். இப்பவும் தொண்டர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறாங்க. கடைசியில ஒரு பரீட்சை வச்சு சான்றிதழும் தர்றாங்க. மையம் பெரும்பாலும் அரசுப் பள்ளிக்கூடத்துலதான். உங்க ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியர்கிட்ட கேளுங்க. நம்ம பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடிச்சு வீட்டுல இருந்தா, தொண்டராப் போகச் சொல்லுங்க.

கூட்டமைப்புக்கு என்னோட வேண்டுகோள் இதுதான். நம்ம கூட்டமைப்புல சேர்ந்த ஒவ்வொரு குழுவுலயும் இந்தக் கால் மணி நேரத்தைத் தீர்மானமா போடணும். வருஷத்துக்கு ஒரு தடவை சேவைச் சங்கத்துக்காரங்களைக் கூப்பிட்டுக் கண் முகாம் வைக்கணும். நாம கேட்டா அவங்க வருவாங்க. கையெழுத்துப் போடுறவங்க எத்தனை பேர்னு கணக்கு எடுக்கிற மாதிரி, பேப்பரைப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு தனியா ஒரு கணக்கு எடுக்கணும். அந்த எண்ணிக்கை நமக்குக் கொஞ்சம் வலிக்கும். வலிச்சாலும் தெரிஞ்சுக்கணும்.

எங்க ஆயா இன்னும் பேர் எழுதக் கத்துக்கலை. "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல"ன்னுதான் சொல்றாங்க. ஆனா போன வாரம் அவங்க பாஸ்புக்கைத் திறந்து, ஒரு இடத்துல விரலை வச்சு, "இது நான் கட்டின காசுதானே, ஒரு சைபர் குறையுதே?"ன்னு கேட்டாங்க. பார்த்தா உண்மைதான். ஆயிரத்தை நான்தான் நூறுன்னு பதிஞ்சிருந்தேன். எல்லார் முன்னாடியும் திருத்தி எழுதினேன்.

மை டப்பா இன்னும் எங்க பெட்டியிலதான் இருக்கு. அதைத் தூக்கிப் போட எனக்கு இப்போ அவசரம் இல்லை. முதல்ல எல்லாரும் படிக்கட்டும்.

என் எழுத்துல பிழை இருந்தா பொறுத்துக்குங்க. நம்ம கூட்டமைப்பு இன்னும் பல வருஷம் நல்லா நடக்கணும்.